பெனிலாவின் மூன்றாம் பாகம்

பழவேற்காடு
12 ஜனவரி 2025

அன்புள்ள வெண்ணிலா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ என் நம்பரை பிளாக் செய்து நான்கு வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். அதனால்தான் இந்தத் தபால். விலாசத்தை காட்டூருக்குப் போய் உன் அம்மாவிடம் வாங்கினேன். தரலாமா வேண்டாமா என்று காந்தாம்மா வாசலிலேயே யோசித்தார். "உங்க ரெண்டு பேருக்கும் இன்னாதான்மா சண்டை? அவளும் சொல்ல மாட்டேங்கிறா, நீயும் சொல்ல மாட்டேங்கிற" என்றார். அப்புறம் உள்ளே போய்க் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பதிப்பாளர் விஜயராகவன் சார் 'கரை சேரும் காற்று' மூன்றாம் பாகத்தைக் கேட்டு மறுபடியும் போன் செய்தார். இரண்டாம் பாகத்தில் அகிலன், 'வந்து கூட்டிப் போறேன்' என்று செல்சியிடம் சொல்லிவிட்டுப் போனதோடு நிறுத்தினோம். படித்த பெண்கள் இன்னும் அதிலேயே நிற்கிறார்கள். போன மாதம் மீஞ்சூரில் நூலக விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசை முழுக்க. ஒருத்தி எழுந்து, "பெனிலா மேடம், அகிலன் எப்போ வருவான்?" என்றாள். இன்னொருத்தி, "உங்க லவ் ஸ்டோரி சொல்லுங்க மேடம்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். முப்பத்தைந்து வயது, வேலையையும் விட்டுவிட்டேன், இன்னும் அம்மா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றா சொல்வது? சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பெனிலா என்றால் பெனிட்டாவும் வெண்ணிலாவும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சார் ஒருவருக்குத்தான் தெரியும். பொன்னேரியில் நான் ஏறி, அனுப்பம்பட்டில் நீ ஏறும்வரை ஜன்னலோர சீட்டில் பையை வைத்துக்கொண்டு சண்டை போடுவேனே, அந்த ரயிலில்தான் ஆறு நாவலும் பிறந்தன. சம்பவம் நான், பேச்சு நீ. பாரிமுனை கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே நீ அகிலன் மாதிரி பேசிக் காட்டுவாய். நீ போனபிறகு தனியாக மூன்று எழுதினேன். "இந்தக் கதையில எல்லாரும் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறாங்க" என்று கதை படிக்கிற ஆப்பில் ஒரு பெண் கமெண்ட் போட்டாள். அதற்கு நிறைய லைக்.

மூன்றாம் பாகத்துக்கு மட்டும் வா, வெண்ணிலா. நேரில் வரவேண்டாம். நான் சம்பவத்தை எழுதி அனுப்புகிறேன், நீ பேச்சை எழுது. பொன்னேரி ஸ்டேஷனில் அன்றைக்கு நான் பேசியதை மறந்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

உன்
பெனிட்டா


ஓசூர்
2 பிப்ரவரி 2025

பெனிட்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் பேசியதை மறந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பேச்சு என்னுடைய துறை அல்லவா? பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில், பக்கத்தில் என் பையை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி ஆல்வினுக்காக உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். "ஆல்வினை விட்டுடு வெண்ணிலா. வேற மதம். எங்க நைனா ஒத்துக்க மாட்டாரு. எங்க சனங்க ஒத்துக்க மாட்டாங்க. நானும் ஒத்துக்க மாட்டேன்" என்றீர்கள். "நீயுமா அக்கா?" என்று கேட்டேன். "நான்தான் முதல்ல" என்றீர்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் செல்சியின் அத்தை இதையே சொல்கிற அத்தியாயத்தை முடித்திருந்தோம். அந்த அத்தையை ரயிலில் எப்படியெல்லாம் திட்டினோம்! மதம் குறுக்கே நிற்காத உலகத்தை ஆறு புத்தகத்தில் கட்டினீர்கள். உங்கள் வீட்டு வாசலில் அது இல்லை.

ஆல்வின் வர இருந்தார். நீங்கள்தான் நடுவில் வந்தீர்கள். இதை நான் எந்தக் காலத்திலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

இங்கே நான் எழுதுவதில்லை. நான் எழுதினவள் என்பதே என் கணவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? பெனிலா என்ற பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அகிலனுக்கு மட்டும் பேச்சு எழுதாதீர்கள். அவன் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

வெண்ணிலா வினோத்


பழவேற்காடு
23 பிப்ரவரி 2025

அன்புள்ள வெண்ணிலா,

நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'நீங்கள்' என்று எழுதியிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். வலையைக் கூடத்தில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனா, "இன்னாமா, பேங்க் நோட்டீஸா?" என்று கேட்டார்.

நீ சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் என்மேல் வைத்துக்கொள். அது இருக்கவேண்டிய இடம் இதுதான்.

ஆனாலும் நீ வேண்டாம் என்றதைச் செய்து பார்த்தேன். மூன்றாம் பாகத்தை ஆரம்பித்தேன். முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறது, படகுகள் வெளியே போக முடியவில்லை, செல்சி கரையில் மீன் வாங்க வந்த பெண்களோடு நிற்கிறாள், அகிலன் பஸ்ஸில் வந்து இறங்குகிறான். அதுவரை வேகமாக வந்தது. அவன் வாயைத் திறந்ததும் நின்றுவிட்டது. 'உனக்காகத்தான் வந்தேன் செல்சி' என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன். நீயாக இருந்தால் அவன் வந்ததும் வராததுமாக, 'இன்னா முறைக்கிற? பஸ் லேட்டு' என்றிருப்பான். படிக்கிற பெண் அழுதுவிடுவாள்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யார் மூலமாவது உனக்கு வரவேண்டாம். ஆல்வினுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. பெண் பெயர் ரோஸ்மேரி, எண்ணூர்ப் பக்கம். நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவனைப் பற்றி நீ மனதில் வைத்திருப்பது அப்படியே இருக்கட்டும் என்றுதான் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். இனி அவனை நினைக்காதே, வெண்ணிலா. வினோத் நல்லவர் என்று உன் அம்மா சொன்னார். அவரைப் பார்.

பெனிட்டா


காட்டூர்
18 மே 2025

பெனிட்டா அக்கா,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்திருக்கிறேன். நேற்று மருந்து வாங்கப் பொன்னேரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு குட்டியானை வண்டியில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தது உன் தம்பி.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவனே கூப்பிட்டான்.

"இன்னா வெண்ணிலா! ஆளே மாறிட்ட! எப்போ வந்த?"

அவனை எங்கேயாவது பார்த்தால் என்ன சொல்வான் என்று நான்கு வருடமாக எழுதி வைத்திருந்தேன் அக்கா. காகிதத்தில் இல்லை, உள்ளுக்குள். விதவிதமாக எழுதி, அடித்து, திருத்தி. அவன் கேட்டது, "ஓசூர்ல நண்டு கிடைக்குதா?"

கிடைக்கும் என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு உங்க நைனா உன்னை ரொம்பத் திட்டிட்டாரா?" என்று கேட்டுவிட்டேன்.

"நைனாவா? அவருக்கு இன்னா தெரியும்? அவருகிட்ட யாரு சொன்னது?" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா உங்கிட்ட சொல்லலையா? நான்தான் சொல்லி அனுப்பினேன். நாம சும்மா தமாஷாதானே பேசிக்கினு இருந்தோம். நீ பையைத் தூக்கிக்கினு வந்துட்டேன்னு போன் பண்ணதும் எனக்குக் கை கால் ஓடல. அக்கா, நீ நல்லா பேசுவ, நீ போய்ச் சொல்லிடுன்னேன். அப்போ புத்தி இல்ல. தப்பா எடுத்துக்காத."

வண்டிக்குள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் வெண்ணிலா, ஐஸு கரையுது" என்று போய்விட்டான்.

தமாஷ். நாம் எழுதிய எந்தக் கதையிலும் ஒரு ஆண்பிள்ளை இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

நீ ஏன் அக்கா இதைச் சொல்லவில்லை? நீ வில்லியாகி நாயகனைக் காப்பாற்றினாய். யாருக்காக? எனக்காகவா? நான் அவனை வெறுத்திருக்க வேண்டும். ஒரு மாதம் அழுதிருப்பேன், இரண்டு மாதம் சோறு இறங்கியிருக்காது, முடிந்திருக்கும். நீ முடிய விடவில்லை. வர நினைத்தும் வர விடாமல் தடுக்கப்பட்ட ஒருவனை என் தலையில் உட்கார வைத்தாய். அவனோடுதான் நான் ஓசூருக்கே போனேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கம்பெனியிலிருந்து வரும்போது தினமும் ஏதாவது வாங்கிவருவார். கொய்யா, வேர்க்கடலை, ஒருநாள் ஜன்னலோரம் போட ஒரு சின்ன மேஜை. வைத்துவிட்டு, "நல்லாருக்கா?" என்பார். அவ்வளவுதான். நான் உடனே மனதுக்குள் ஆல்வினாக இருந்தால் இங்கே என்ன சொல்லியிருப்பான் என்று எழுத ஆரம்பித்துவிடுவேன். எழுதுவதை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உயிரோடு எதிரே நிற்கிற மனுஷனுக்கு, இல்லாத ஒருத்தனை வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் அவர், "எங்கிட்ட உனக்கு இன்னா குறைன்னு சொல்லேன்" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

கதையில்தான் சம்பவம் உன் கையில். என் வாழ்க்கைக்கும் நீயே எழுதலாம் என்று யார் சொன்னது?

வெண்ணிலா


பழவேற்காடு
1 ஜூன் 2025

வெண்ணிலா,

ஆல்வின் வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "அதுகிட்ட நீ சொல்லவே இல்லையாக்கா? நாலு வருஷமா உங்கிட்ட அது பேசாம இருக்கறது அதுக்குத்தானா?" என்று கேட்டான். அம்மா இறாலை உலரப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டாய், எழுதுகிறேன். இதனால் ஏதும் சரியாகாது என்று தெரியும்.

அன்று அவன் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். நீ போன் செய்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவன் சொன்ன அதே வார்த்தையோடுதான் பஸ் ஏறினேன். 'தமாஷாதான் பேசினானாம்' என்பதை எப்படிச் சொன்னால் உனக்கு வலிக்காது என்று பொன்னேரி வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பேச்சு எனக்கு வராது, உனக்கே தெரியும். ஸ்டேஷனுக்குள் வந்தபோது நீ என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாய். அவன் பின்னால் வருகிறான் என்று நினைத்து எழுந்து நின்றாய். தலைமுடியைச் சரிசெய்தாய். அந்த முகத்திடம் அந்த வார்த்தையைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வேறொன்று வாயில் வந்தது. அது நாம் எழுதியிருந்த அத்தையின் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் நீ எழுதியதுதான்.

உனக்காக மட்டும்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவன் என் தம்பி. அவன் இவ்வளவுதான் என்று உன்னிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. உனக்குக் காதல்மேலேயே நம்பிக்கை போய்விட்டால் பெனிலா என்ன ஆவாள் என்ற நினைப்பும் அந்தப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தது. அக்காமேல் ஒரு வாரம் கோபமாக இருப்பாய், திங்கட்கிழமை ரயிலில் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். பல திங்கட்கிழமை அனுப்பம்பட்டு வரைக்கும் உன் சீட்டில் பையை வைத்துக்கொண்டு போனேன். பிறகு காந்தாம்மா உன் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்.

மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டேன். அகிலன் வரவில்லை. அவன் வராததற்கு யாரும் காரணமில்லை. அத்தை இல்லை, மதம் இல்லை, புயலும் இல்லை. அவனுக்கு வரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். விஜயராகவன் சார் படித்துவிட்டு, "ஏம்மா, இதைப் போட்டா பொண்ணுங்க நம்மளை அடிக்க வருவாங்கம்மா" என்றார். வரட்டும் சார் என்றேன். அவர்களுக்குப் பதினாறு பதினேழு வயது. இதை யாராவது ஒருவர் அவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடைசி அத்தியாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். வருடங்கள் கழித்துச் செல்சி அவனை மார்க்கெட்டில் பார்க்கிறாள். அவன் பேசுகிற இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதினாலும் சரி, கிழித்தாலும் சரி.

பெனிட்டா


ஓசூர்
14 செப்டம்பர் 2025

அக்கா,

பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அகிலனுக்கு எழுதிவிட்டேன், கொஞ்சம்தான். நிறையப் பேசுகிற அளவுக்கு அவனிடம் ஒன்றுமில்லை. நலம் விசாரிக்கிறான், வேலை இருக்கிறது என்று போய்விடுகிறான். செல்சி அழுகிற மாதிரி எழுதியிருந்தாய். அதை அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அழுகை வராது அக்கா. கையில் இருக்கிற மருந்துச் சீட்டைத்தான் பார்க்கத் தோன்றும்.

அட்டையில் பெனிலா வேண்டாம். இரண்டு பேர் பெயரையும் தனித்தனியாகப் போடச் சொல். இதற்குப் பிறகு நீ உன் பெயரில் எழுது. நான் எழுதுவேனா என்று தெரியவில்லை. எழுதினாலும் தனியாகத்தான்.

அந்தச் சின்ன மேஜையில்தான் எழுதினேன். என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தது எனக்குத் தெரியாது. பின்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னா எழுதற?" என்றார்.

"கதை."

"நீ கதை எழுதுவியா?"

"ஆறு புக் வந்திருக்கு. பெனிலான்னு பேரு. பாதி நான்."

"எங்க அக்காங்க ரெண்டு பேரும் பெனிலா கதைன்னா சோறு தண்ணி இல்லாம படிப்பாங்க. அவங்ககிட்டகூடச் சொல்லலையே நீ" என்றார். பிறகு, "எங்கிட்டயும் சொல்லல" என்றார். அதைத்தான் முதலில் சொல்ல நினைத்திருப்பார்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனிலேயே நம் கதையைப் படித்தார். கதைப் புத்தகமே படிக்காத மனுஷன். செல்சி ஸ்கூலில் திட்டு வாங்குகிற இடத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாராம், பக்கத்து சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்தாராம். அதை வந்து என்னிடம் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்குக் காலையில் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"இந்தப் பையன் வந்துடுவான்ல?" என்றார்.

"வரமாட்டான்."

"ஏன்? நல்ல பையனாச்சே. எவ்ளோ அழகாப் பேசறான்."

"நல்ல பையன் மாதிரி நாங்க எழுதிட்டோம்" என்றேன்.

அவர் கதவிலேயே சாய்ந்து நின்றார். "அப்போ அந்தப் பொண்ணு? அது அவனையே நினைச்சுக்கினு உட்காந்திருக்குமே. பாவம். யாராச்சும் ஒருத்தர் அதுகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

அடுப்பை அணைத்தேன். அவன் யார், அந்தப் பொண்ணு யார், நாலு வருஷம் அவள் எந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். செல்சிக்காக அவ்வளவு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை அக்கா.

அந்தப் பெஞ்சில் உனக்கு என்ன ஆனது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. நீ செய்ததை இப்போது நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் சோறு போட்டேன். பாதியில் கையை எடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு வேற யாராச்சும் கிடைப்பாங்களா?" என்று கேட்டார்.

"கிடைச்சிருக்காங்க" என்றேன்.

"நல்லவனா?"

"ரொம்ப."

"அப்போ சரி" என்று மறுபடியும் சோற்றில் கை வைத்தார்.

வெண்ணிலா